ஏழுமலைக்காக நான் கொண்டுபோன கடிதம்

போன வாரம் நீங்கள் மூன்று பேரும் என் வீட்டுக்கு வந்தீர்கள். அய்யா ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கிறோம், பாஸ்போர்ட் சமாச்சாரம், வெளிநாட்டு சமாச்சாரம் வந்தால் எப்படிக் கையாள்வது, நீங்கள் பத்து வருஷம் பார்த்தவர், சொல்லுங்கள் என்றீர்கள். நான் என் முட்டி வலியைப் பற்றிச் சொன்னேன். மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். எந்த டாக்டர் ஊசி போட்டால் வலிக்காது என்று சொன்னேன். நீங்களும் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனீர்கள். கேட்டதற்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை.

இப்போது சொல்கிறேன். எனக்கு எழுத்து ஓடாது, படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். நடுநடுவே நிறுத்தி என்னை முறைக்கிறாள். முறைக்கட்டும்.

நம் ஆபீசில் எந்தக் கடிதத்தை எப்படி எழுத வேண்டும் என்று சுகந்தியைக் கேட்டால் போதும், என்னைவிட நன்றாகச் சொல்வாள். ஆனால் இந்த ஒரு விஷயத்தை அவள் சொல்லமாட்டாள். அதனால்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அய்யா முதல் தடவை எம்.பி. ஆன மாதமே மெயின் பஜாருக்குப் பின்னால் அந்த வாடகை வீட்டில் நம் ஆபீசைத் திறந்தார். அதற்கு முன்னால் நான் நிலக்கரி மைன்ஸ் கேன்டீனில் கான்ட்ராக்ட் ஆள், பாத்திரம் கழுவுகிற வேலை. தேர்தலில் அய்யாவுக்காக ஊர் ஊராகச் சைக்கிள் மிதித்தவன் என்பதால் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். கதவு திறப்பது, கூட்டுவது, வருகிறவர்களை உட்கார வைப்பது, கடிதம் கொண்டுபோவது. கடிதம் கொண்டுபோவதில்தான் எனக்குப் பேர் வந்தது.

எப்படி வந்தது என்றால், குவார்ட்டர்ஸால் வந்தது. நம் நகரியத்தில் ஒருவருக்கு புரமோஷன் வந்தால் பெரிய குவார்ட்டர்ஸுக்கு மாறுவார். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டு, நடுவில் வீடு மாறிவிடுவார். விசாரிக்கப் போகிற போலீஸ்காரர் பழைய வீட்டுக் கதவைத் தட்டுவார். உள்ளேயிருந்து வேறு ஆள் வருவார். போலீஸ்காரர் "இந்த முகவரியில் இல்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். பாஸ்போர்ட் நின்றுவிடும். இவர் இரண்டு பிளாக் தள்ளி உட்கார்ந்து, ஏன் வரவில்லை என்று நம் ஆபீசில் வந்து அழுவார். இப்படி ஒரு ஃபிட்டரின் சம்சாரத்துக்கு ஆனது. நான் அய்யாவின் கடிதத்தோடு குவார்ட்டர்ஸ் ஒதுக்கின காகிதத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, விடியற்காலை பஸ் பிடித்து சென்னைக்குப் போய் பாஸ்போர்ட் ஆபீசில் நேரில் கொடுத்தேன். பத்தாம் நாள் பாஸ்போர்ட் வந்தது. அந்த அம்மா பிளாக் முழுக்கச் சொன்னது. அதற்கப்புறம் யாருக்கு நின்றாலும், "தட்சணாகிட்ட குடுங்க, அவரு நேர்ல போவாரு" என்றுதான் பேச்சு.

அந்தச் சென்னை ஆபீசில் ரெக்கார்டு அறையில் ஒருவர் இருந்தார். பேர் வேண்டாம். என் வயசுதான். மதியம் என்னோடு வாசல் கடையில் எலுமிச்சை சாதம் சாப்பிடுவார். அவர்தான் எனக்கு இந்த வேலையின் உள்பக்கத்தைக் காட்டினார்.

"யோவ் தட்சணா, உங்க எம்.பி. லெட்டர் வந்தா உள்ள இன்னா நடக்குது தெரியுமா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"பாஸ்போர்ட் குடுத்துடுவாங்க."

சிரித்தார். சாதம் புரையேறிவிட்டது.

"எம்.பி. கேக்கலாம்யா, உத்தரவு போட முடியாது. ஆனா கேட்டாருன்னா நாங்க பதில் சொல்லியே ஆவணும். பதில் சொல்ல தனி செக்ஷன் கீது. அவுங்க பதில் எழுதணும்னா ஃபைல் வேணும். ஃபைல் எங்க இருக்கும்? வேலை நடக்குற மேஜையில. அத்த அங்கருந்து எடுத்துகினு போனாதான் பதில் எழுத முடியும். எடுத்துகினு போனா?"

"வேலை நின்னுடும்" என்றேன்.

"அதான். தூங்குற ஃபைல எழுப்ப லெட்டர் நல்லது. ஓடுற ஃபைலுக்குக் குடுத்தா காலைப் புடிச்சி இழுத்த மாதிரி. எல்லாம் கம்ப்யூட்டருக்குப் பூடுச்சுன்னுவாங்க. போலீஸ் கேஸ், கோர்ட்டுன்னு இருக்குற ஃபைலு இன்னமும் பேப்பர்தான். அது ஒரு நேரத்துல ஒரு மேஜையிலதான் இருக்க முடியும்."

இதை நான் காதால் கேட்டேன், மண்டையாட்டினேன். புரியவும் செய்தது. புரிந்திருந்தும்தான் பிறகு செய்ததைச் செய்தேன்.

சுகந்தி வந்தது அய்யா இரண்டாம் தடவை ஜெயித்த பிறகு. அப்பா மைன்ஸில் பெர்மனென்ட், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நகரியத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து, கம்ப்யூட்டரில் பட்டம் வாங்கின பெண். முதல் நாளே என்னை "அங்கிள்" என்றது. எங்கள் ஊர்ப் பக்கம் மாமா, பெரியப்பா, அண்ணன் உண்டு. அங்கிள் யாருக்கும் நான் ஆனதில்லை.

அவளுக்கு மின்விசிறிக்குக் கீழே மேஜை போட்டார்கள். நான் சென்னைக்குப் போய் வருவதற்கு ஒரு நாள் முழுசாக ஆகும். அவள் உட்கார்ந்த இடத்தில் தட்டி அனுப்புவாள், சாயந்திரமே பதில் வந்துவிடும். ஆறு மாதத்தில் வாசலில் நிற்கிற ஜனங்கள், "தட்சணா இருக்காரா" என்று கேட்பதை விட்டு, "அந்தப் பொண்ணு வந்துடுச்சா" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் எண்ணுவேன். கதவைத் திறந்துவிட்டுக்கொண்டே, இன்றைக்கு அவளைக் கேட்டவர் எத்தனை, என்னைக் கேட்டவர் எத்தனை என்று எண்ணுவேன். ஒரு திங்கட்கிழமை அவளுக்குப் பதினேழு. எனக்கு ஒன்று, அதுவும் கரண்ட் பில்லோடு வந்த ஆள். அவளைக் கேட்டு வருகிறவர்களை வெயில் அடிக்கிற பக்கத்துப் பெஞ்சில் உட்கார வைப்பேன். என்னைக் கேட்டு வந்தால் நிழல். இந்தப் பெஞ்சுக் கணக்கை யாரும் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள் என்று நினைக்கிறேன். ஒரு நாள் அவளே பெஞ்சை இழுத்து நிழலில் போட்டாள்.

அய்யாவும் மாறினார். முன்பெல்லாம் காரை விட்டு இறங்கும்போதே "தட்சணா" என்பார். இப்போது "சுகந்தி எங்க?" என்பார். அதற்கப்புறம்தான் என் முகத்தைப் பார்ப்பார். இரண்டு சொல்தான். எத்தனையோ நாள் சோறு இறங்காமல் பண்ணியிருக்கிறது.

இந்த நேரத்தில்தான் ஏழுமலை வந்தான்.

ஏழுமலை குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பையன், எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். முறைக்கு என்னை மாமா என்பான். மைன்ஸில் நிலக்கரி ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் விழுகிற மண்ணை வாரிப் போடுகிற கான்ட்ராக்ட் வேலை. எட்டு வருஷம் அதையே செய்தான். ஷிஃப்ட் முடித்து வரும்போது கண் இமைகூட மண் நிறமாக இருக்கும். வார லீவு நாளில் எல்லாம் வெல்டிங் கற்றுக்கொண்டான். சிங்கப்பூர் கம்பெனியின் வெல்டிங் டெஸ்டுக்குப் போய் இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை தேறினான். கம்பெனி கடிதமும் வந்துவிட்டது. பொங்கல் முடிந்து ஐந்து நாளுக்குள் அங்கே போய் நிற்க வேண்டும்.

பாஸ்போர்ட் நின்றுவிட்டது. காரணம், பல வருஷத்துக்கு முன்னால் ஊருக்குப் பஸ் விடச் சொல்லி நடந்த மறியல். கூட்டத்தோடு இவன் பேரும் வழக்கில் சேர்ந்துவிட்டது. கோர்ட்டில் அந்த வழக்கு முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் போலீஸ் ரிப்போர்ட்டில் இன்னும் வழக்கு இருப்பதாகவே எழுதிவிட்டார்கள். கோர்ட் காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். ஆறு வாரமாகப் பதில் இல்லை.

அன்றைக்கு வாசலில் நின்று அவன் கேட்டது என்னைத்தான். அதை இன்னும் மறக்கவில்லை.

"மாமா, நீங்க இருக்கீங்கன்ற தைரியத்துல வூட்ல சொல்லிகினு வந்துட்டேன். அஞ்சு நாள் தாண்டிச்சின்னா வேற ஆள எடுத்துக்குவானாம். மறுக்கா டெஸ்ட்டு வெச்சா பாஸ் பண்ணுவனான்னு தெரியல மாமா. ரெண்டு தடவ கையி நடுங்கிதான் ஃபெயிலானேன்."

"நான் பாத்துக்கறேண்டா, நீ போய் டூட்டியப் பாரு" என்றேன்.

அன்றைக்கு அய்யா டெல்லியில். கடிதம் தயாராக அய்யா கையெழுத்து வேண்டும். நான் காத்துக்கொண்டிருந்தபோது சுகந்தி அவனை உள்ளே கூப்பிட்டு விவரம் எல்லாம் வாங்கிக்கொண்டாள். அய்யாவிடம் போனில் கேட்டு, ஆபீஸ் மெயிலிலிருந்து ஒரு கேள்வி அனுப்பினாள். பாஸ்போர்ட் வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. கோர்ட் காகிதம் ஃபைலோடு சேர்ந்ததா, இல்லையா? அது மட்டும்தான் கேள்வி. இரண்டாம் நாள் பதில் வந்துவிட்டது.

என்னைக் கூப்பிட்டாள். "அங்கிள், ஏழுமலை அண்ணன் கேஸ் நல்லபடியா போகுது. கோர்ட் ஆர்டரைச் சேர்த்துட்டாங்க. ஃபைல் அதிகாரி மேஜைக்குப் போயிடுச்சு. வழக்கு இருக்கிற ஃபைலை அவர் வியாழக்கிழமை மட்டும்தான் பார்ப்பாராம். இந்த வியாழக்கிழமை முடிஞ்சிடும். இனிமே நாம ஒண்ணும் அனுப்பக்கூடாது. லெட்டர் எதுவும் வேண்டாம்."

போனைக் காட்டினாள். இங்கிலீஷில் இருந்தது. படித்த மாதிரித் தலையாட்டினேன்.

"சரிம்மா" என்றேன்.

சரி என்று சொன்ன வாயோடு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். என்னைக் கேட்டு வந்த பையன். எனக்கு மாமா முறை வைக்கிற பையன். அவனுக்கும் பாஸ்போர்ட் வந்தால் இவளால் வந்தது என்றுதான் ஊர் பேசும். இவள் லெட்டர் வேண்டாம் என்பது ஃபைலுக்காக இல்லை, என் கை பட்டுவிடக்கூடாது என்பதற்காக. இப்படி நினைத்தேன். ஒரு நாள் முழுக்க அதையே நினைத்து நினைத்து, அதுதான் நிஜம் என்று ஆக்கிக்கொண்டேன். ரெக்கார்டு அறைக்காரர் எலுமிச்சை சாதத்தோடு சொல்லிக் கொடுத்ததெல்லாம் அந்த ஒரு நாளில் எங்கே போனது என்று தெரியவில்லை.

லெட்டர்ஹெட் வைக்கிற பீரோ சாவி என்னிடம்தான் இருந்தது. ஒரு தாள் எடுத்தேன். பஜார் ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு நம் கடிதங்களின் வாசகம் மனப்பாடம், அடித்துக் கொடுத்தான். செவ்வாய்க்கிழமை காலை அய்யா ஊருக்கு வந்திருந்தார். ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் காரில் ஏறப் போகும்போது நீட்டினேன்.

பேனாவை எடுத்துவிட்டு அய்யா கேட்டார்: "சுகந்தி பாத்துட்டாளா?"

இதையும் அவள் பார்க்க வேண்டுமா என்று எனக்குள் எரிந்தது.

"பாத்துட்டாங்கய்யா" என்றேன்.

கார் பேனட் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமை முட்டி வலி என்று ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு முதல் பஸ் ஏறினேன். பண்ருட்டி, விழுப்புரம் எல்லாம் தாண்டுகிற வரைக்கும் சந்தோஷம்தான். பாஸ்போர்ட் வந்ததும் ஏழுமலை எப்படி ஓடி வருவான், யார் முன்னால் என் பேரைச் சொல்வான், அப்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். மதியம் எம்.பி. கடிதம் வாங்குகிற ஜன்னலில் கொடுத்து முத்திரை வாங்கினேன். ரெக்கார்டு அறைக்காரரைத் தேடினேன், அன்றைக்கு அவர் வேறு கட்டிடத்தில் இருந்தார். பார்த்திருந்தால் அங்கேயே தலையில் குட்டியிருப்பார்.

மறுநாள், வியாழக்கிழமை. சாப்பாடு முடிந்து ஆபீஸ் அடங்கிக் கிடந்த நேரம். என் போன் அடித்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், மூன்று பத்து.

"இன்னாயா பண்ணி வெச்ச?" ரெக்கார்டு அறைக்காரர். மூச்சு வாங்கியது. "அதிகாரி அந்தப் பையன் ஃபைல கேக்குறாரு. மேஜையில காணோம். உன் லெட்டரு வந்ததும் நேத்து சாயந்தரமே பதில் செக்ஷன்காரன் தூக்கிகினு பூட்டான். பதில் போடாம திருப்ப மாட்டேன்றான். பதிலுக்குப் பெரியவர் கையெழுத்து வேணும். அது ரெண்டு மூணு நாள் வேலை."

"அடுத்த வியாழக்கிழமை?" என்றேன்.

"அடுத்த வியாழக்கிழமை பொங்கல் லீவுடா! அதுக்கு அடுத்ததுதான். அந்தப் பையனுக்கு எது வரைக்கும் டைம்?"

பொங்கல் முடிந்து ஐந்து நாள். நான் விரல் விட்டு எண்ணினேன். எப்படி எண்ணினாலும் தாண்டிப் போனது.

அவர் சொன்னார்: "ஒரே வழிதான் கீது. உங்க ஆபீஸ் மெயில்லருந்து, கையில குடுத்த லெட்டர வாபஸ் வாங்கிக்கிறோம்னு ரெண்டு வரி வரட்டும். பதில் தேவையில்லன்னா ஃபைல அவனே மேல குடுத்துடுவான். அதிகாரி ஆறு மணி வரைக்கும் உக்காருவாரு. அஞ்சு மணிக்குள்ள மெயில் வரணும். வெச்சுடறேன், போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு."

போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு.

அவள் மேஜை பத்து அடியில் இருந்தது. சுகந்தி ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். எழுந்து போனேன். மேஜைக்கு முன்னால் நின்றேன். நிமிர்ந்தாள்.

"என்ன அங்கிள்?"

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: உனக்குத் தெரியாமல் கடிதம் கொண்டுபோனேன் அம்மா, அய்யாவிடம் பொய் சொன்னேன், இப்போது நீதான் காப்பாற்ற வேண்டும். இரண்டு நிமிஷப் பேச்சு. அவள் மெயில் அனுப்ப இன்னொரு இரண்டு நிமிஷம். அய்யாவுக்கு ஒரு போன்.

"டீ சொல்லட்டுமா?" என்றேன்.

"வேணாம் அங்கிள். இப்பதானே சாப்பிட்டேன்."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். மூன்றரை ஆனது. சொன்னால் அவள்தான் ஏழுமலையைக் காப்பாற்றினவள் ஆவாள், நான் கெடுத்தவன் ஆவேன். இந்த ஒன்றைத் தவிர வேறு எதுவும் அப்போது என் மண்டையில் இல்லை. பையனின் எட்டு வருஷம் இல்லை, அவன் கை நடுக்கம் இல்லை. நாலு மணிக்கு மறுபடி எழுந்தேன். ஒரு பாட்டி பென்ஷன் விஷயமாக வந்து அவள் முன்னால் உட்கார்ந்துவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. நன்றாகக் கேளுங்கள், நிம்மதியாக இருந்தது. பாட்டி நாலரைக்குப் போய்விட்டது. நான் வெளியே போய்க் கடையில் டீ வாங்கிக்கொண்டு வந்தேன். கேட்காத டீ. அவள் மேஜையில் வைத்தேன்.

"தேங்க்ஸ் அங்கிள்" என்று சிரித்தாள். "ஏழுமலை அண்ணனுக்கு இந்நேரம் கையெழுத்து ஆகியிருக்கும்ல?"

"ஆகியிருக்கும்" என்றேன்.

ஐந்து மணி அடித்தது. ஐந்தரைக்கு அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள். நான் ஜன்னல்களைச் சாத்தினேன்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட் வந்தது. குற்றம் குறை இல்லாத பாஸ்போர்ட். சிங்கப்பூர்க் கம்பெனி வேறு ஆளை எடுத்துவிட்டது. ஏழுமலை பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான் என்று அவன் அம்மா சொன்னது. அடுத்த திங்கட்கிழமை பெல்ட்டுக்கு அடியில் மண் வாரப் போய்விட்டான்.

அதற்கு முன்பே, பொங்கல் முடிந்து ஆபீஸ் திறந்த வாரம், சென்னையிலிருந்து அய்யா பேருக்கு ஒரு உறை வந்திருந்தது. "தாங்கள் நேரில் கொடுத்தனுப்பிய கடிதம் பரிசீலனையில் உள்ளது" என்ற பதில். தபால் பிரிப்பது சுகந்தி. பிரித்தாள், படித்தாள், தேதியைப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் துணியால் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தேன், துடைத்த நாற்காலியையே மறுபடி துடைத்தேன். எழுந்து வந்து கேட்பாள், அய்யாவுக்குப் போன் போடுவாள், இன்றோடு முடிந்தது என்று நினைத்தேன். அவள் அந்தக் காகிதத்தில் ஓட்டை போட்டு ஃபைலில் கோத்துவிட்டு அடுத்த உறையைப் பிரித்தாள்.

ஏழுமலை ஒரு நாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "மாமா, எனக்காக முட்டி வலியோட மெட்ராசு வரைக்கும் போனீங்களாமே. சுகந்தியக்கா சொன்னாங்க. பொங்கல் லீவு குறுக்க வந்துடுச்சு, இன்னா பண்றது. என் நேரம்."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. நான் போனது உண்மை, லீவு குறுக்கே வந்தது உண்மை. பொய் ஒரு சொல் இல்லாமல் என்னைக் காப்பாற்றிவிட்டாள். அவள் என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லியிருந்தால்கூட இத்தனை எரிந்திருக்காது. வாயை மூடிக்கொண்டிருப்பதிலும் என்னைவிடக் கெட்டிக்காரியாக இருந்தாள்.

இரண்டு வருஷம் ஏழுமலையின் அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தி, "மாமா, மாத்திர சாப்பிடறீங்களா" என்று கேட்பான். அம்மா கொடுத்தனுப்பியது என்று முருங்கைக்காய் கொண்டுவந்து கொடுப்பான். வாங்கி வைத்துக்கொள்வேன், சாப்பிட முடியாது, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன். நான் ஆபீஸ் வேலையை விட்டு நின்ற வாரம், இனியும் மறைக்க முடியாது என்று அவன் இரண்டாம் ஷிஃப்ட்டுக்குப் போகிற வழியில், பஸ் ஸ்டாப் பக்கம் போய் நின்றேன். வண்டியை நிறுத்தினான். எல்லாவற்றையும் சொன்னேன். பீரோ சாவி, அய்யாவிடம் சொன்ன பொய், போன், எல்லாம்.

வண்டியை ஆஃப் பண்ணிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். கம்பெனி பஸ் ஒன்று வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. அவனோடு வேலை செய்கிற ஒருவன் ஜன்னலிலிருந்து கத்தினான். அவன் திரும்பவில்லை.

"போன் எத்தன மணிக்கு வந்துச்சு மாமா?"

"மூணு பத்து."

"அஞ்சு மணிக்குள்ள சொன்னா போதும்னாரா?"

"ஆமாம்பா."

"அது வரைக்கும் இன்னா பண்ணிகினு இருந்தீங்க?"

"டீ வாங்கியாந்தேன்" என்றேன்.

என்னை அடித்திருக்கலாம். திட்டியிருக்கலாம், திட்டுவதற்கு அவனுக்கு நல்ல வாய் உண்டு. ஹெல்மெட்டை எடுத்து மாட்டினான். கொக்கி மாட்டவில்லை, கை நடுங்கியது. இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டான்.

நீங்கள் மூன்று பேரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, ஓடுகிற ஃபைலுக்குக் கடிதம் கொடுக்காதே என்பது இல்லை. அதை சுகந்தியே சொல்லித் தருவாள். தப்பு யாருக்கும் வரும், நேரில் போனது ஒரு தப்பு, அவ்வளவுதான். அதைச் சரிசெய்ய எனக்கு முழுசாக ஒரு மணி ஐம்பது நிமிஷம் கிடைத்தது, பத்து அடி தூரத்தில் ஆள் இருந்தது. உங்கள் மூன்று பேருக்குள்ளும் ஒருவன் மேல் ஒருவனுக்குப் பொறாமை வரும். வராமல் இருக்காது, ஒரே அறையில் வேலை செய்கிறீர்கள். அது வயிற்றில் இருக்கட்டும். காலைக் கட்ட விடாதீர்கள். எழுந்து போய்ச் சொல்லிவிடுங்கள்.

ஏழுமலை கிளம்பும்போது சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். வண்டியை உதைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"மறுபடியும் டெஸ்ட்டுக்குப் போயிருக்கேன். எதாச்சும் வந்துச்சின்னா, ஆபீசுல போயி யாரையும் கேக்காதீங்க மாமா. அந்த அக்காவே பாத்துக்கட்டும்."

சரி என்றேன். வண்டி போய்விட்டது. அவன் சொன்னதில் என்னைக் குத்தினது எது என்று நினைக்கிறீர்கள்? கைநழுவிப் போன சிங்கப்பூர் இல்லை, அந்த நடுங்கின கை இல்லை. அந்த அக்காவே என்றானே, அதுதான். இத்தனைக்கும் அப்புறம், அந்தப் பஸ் ஸ்டாப்பிலும், எனக்கு முதலில் வந்தது அதுதான்.